வியாகுலம்மாள் உட்கார்ந்த கதை

வியாகுலம்மாளை உட்காரச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். டவுன் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் வருவாள். ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். அதற்குள் கோழிக்குப் போடுகிற ஊசி மருந்து. வண்டி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்வதற்குள் டிரைவரிடம் இரண்டு தடவையாவது "இன்னும் கிளம்பலியா?" என்று கேட்டுவிடுவாள். நத்தம் ரோட்டில் வண்டி ஓட்டிய டிரைவர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். ஒருவருக்கும் அவளைப் பிடிக்காது.

அவசரத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த மருந்தைக் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். விடிந்து கோழிகளைத் திறந்துவிட்டால் அப்புறம் எந்த மகராசி அவற்றைத் துரத்திப் பிடிப்பது? கோழிகள் பஞ்சாரக் கூடைக்குள் அடைந்து கிடக்கும்போதே ஊருக்குள் போய்விட வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைய பிழைப்பு போச்சு.

இது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே ஒன்று இருந்தது. 1993-இல் அவள் தன் சொந்த ஊரில் ஒரு ஏக்கர் மானாவாரியையும் நாற்பத்துமூன்று கோழிகளையும் வைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனை நினைத்து அழ நேரமில்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மழை பொய்த்தது. அதைக்கூடச் சமாளித்துவிட்டாள், கோழி இருந்ததால். மாசி மாதம் கொக்கு நோய் வந்தது. வெள்ளையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, நான்கே நாளில் நாற்பத்துமூன்றும் போய்விட்டன. பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள் இளவேனில் அந்த ஆனியில் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லின் பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் கிளம்பும்போது வியாகுலம்மாள் கையாட்டவில்லை. கோழிக்கு ஒரு ஊசி உண்டு, அது ஒரு டீ விலைகூட ஆகாது என்று ஆறு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டபோது அவளுக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அது அப்புறம் அடங்கவே இல்லை.

அதைச் சொல்லிக்கொடுத்தது திண்டுக்கல்லில் இருந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். இருபத்தொரு நாள் பயிற்சி. கூட வந்தவர்கள் கோழியின் இறக்கையைத் தொடவே பயந்துகொண்டிருக்க, இவள் மூன்றாம் நாளே வாத்தியாரை நகரச் சொல்லிவிட்டு ஊசியை வாங்கிக்கொண்டாள். இரண்டாயிரம் சித்திரையில் அவர்களே வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு ஊர், மூன்று வருஷம். ஊருக்கு இரண்டு பெண்களை, யார் துணையும் இல்லாமல் தாங்களே ஊசி போட்டுக்கொள்கிற அளவுக்குத் தயார் செய்துவிட வேண்டும். மூன்று வருஷம் முடிந்தால் பணமும் முடிந்தது, வியாகுலம்மாளும் வர மாட்டாள். ஒரு காணி மேட்டுநிலமும் பத்துக் கோழியும் வைத்திருக்கிற பொம்பளைகள் அடுத்த கொக்கு நோயைத் தாங்களாகவே தாண்ட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வியாகுலம்மாளால் ஒருத்தி மெதுவாக ஊசி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை நடுங்குகிறதா, "தள்ளு!" மருந்து சிந்துகிறதா, "குடு இங்க!" அரை மணி நேரத்தில் அறுபது கோழி போடுகிற கை அவளுடையது. இன்னொருத்தி ஒன்றைப் போடுவதற்குள் அவள் நாலைப் போட்டு ஐந்தாவதின் காலைப் பிடித்திருப்பாள். கோழிகள் பிழைத்தன, பெருகின. புளியங்களத்தில் மட்டும் இருநூறாக இருந்தது எண்ணூறைத் தாண்டியது. நத்தம் சந்தைக்குக் கூடை கூடையாகக் கோழி போனது. வியாகுலம்மாளுக்கு ஊர் ஊராக நல்ல பெயர். ஊருக்கு ஒன்றாக ஆபீஸ் கொடுத்த ஊசிப்பெட்டிகள் பரண்களில் தூசி படிந்து கிடந்தன.

புளியங்களம் நத்தம் ரோட்டிலிருந்து இரண்டு கல் உள்ளே. எழுபது வீடு. பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் இந்துக்கள், செபஸ்தியார் கோயில் மட்டும் இரு தரப்புக்கும் பொது. அங்கே ஊசி பழகச் சேர்ந்தவள் சோலையம்மாள். முக்கால் ஏக்கர் கொல்லை, பதினெட்டுக் கோழி, வயது வியாகுலம்மாளைவிட ஒன்றிரண்டு குறைவு. அவளை மாதிரி நிதானக்காரியைக் கடவுள் வியாகுலம்மாளைச் சோதிக்கவென்றே படைத்திருக்க வேண்டும். மருந்தை ஊசியில் உறிஞ்சவே ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆகும். நடுவில் கேள்வி வேறு.

"ஏக்கா, ஊசி போட்ட அன்னைக்கே பிடிக்குமா, இல்ல நாளாகுமா?"

"அதெல்லாம் பெறவு சொல்றேன். மொதல்ல கோழியைப் பிடி."

பிறகு என்பது வரவே இல்லை. ஏழரை மணி பஸ்ஸுக்கு வியாகுலம்மாள் ஓடிவிடுவாள்.

புளியங்களத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் செபஸ்தியார் திருவிழா. வீட்டுக்கொரு சேவலை முன்கூட்டியே நேர்ந்து விடுவார்கள். கொடியேற்றத்தன்று அத்தனை சேவல்களையும் கோயிலுக்குப் பின்னால் முள்வேலிப் பட்டியில் கொண்டுவந்து விடுவார்கள். பத்தாம் நாள் எல்லாம் ஒரே அண்டாவுக்குப் போகும், ஊரே பந்தியில் உட்காரும். அந்தச் சேவலுக்கு மட்டும் ஊசி கூடாது. உடம்பெல்லாம் அம்பு வாங்கின சாமிக்கு ஊசி குத்தின சேவலையா கொடுப்பது என்று முதல் வருஷமே சொல்லிவிட்டார்கள். வியாகுலம்மாளும் வாதாடவில்லை. சட்டிக்குப் போகிற சேவல்தானே, அதற்காக நின்று பேச யாருக்கு நேரம் இருக்கிறது?

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2003 தையில், கொடியேற்றத்துக்கு முந்தின நாள் யாரோ ஒருவர் நேர்ச்சைக்கென்று சந்தையில் ஒரு சேவலை வாங்கி வந்து மறுநாள் பட்டியில் விட்டார். ஏழாம் நாள் அது கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது. ஒன்பதாம் நாள் முடிவதற்குள், அந்த வருஷம் பட்டிக்கு வந்த அறுபத்திரண்டில் அறுபத்தொன்று செத்துவிட்டன. திருவிழாவன்று ஊர் சாம்பார் சோறு சாப்பிட்டது. வெளியூரிலிருந்து வந்த சம்பந்திமார் எழுந்து போகும்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எல்லோரையும் கொன்றது.

பிழைத்தது ஒரே ஒரு சேவல். சோலையம்மாளுடையது. செத்த சேவல்களுக்கு நடுவில் நின்று கூவியதாம். புதுமை, சாமி செய்த அற்புதம் என்று ஊர் கைகூப்பியது. அதை அறுக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று. கோயில் காரியம் பார்க்கும் இஞ்ஞாசி தன் கையால் அதற்கு அரிசி போட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊர் உட்கார்ந்து யோசித்தது. வீட்டில் ஊசி போட்ட கோழி எல்லாம் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. ஊசி போடாத சாமி சேவல் மட்டும் சாகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஊசிக்குப் பயந்த நோய் ஒதுங்க இடமில்லாமல் சாமி சேவலின் மேல் போய் விழுந்திருக்கிறது. நம் கோழியைக் காப்பாற்ற சாமி கோழியைக் காவு கொடுத்திருக்கிறோம். இனிமேல் புளியங்களத்துக்குள் ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கேள்விப்பட்டதும் வியாகுலம்மாள் குஞ்சுகளைத்தான் எண்ணிப் பார்த்தாள். கார்த்திகையில் பொரித்த குஞ்சுகள் முந்நூறுக்கு மேல் அந்த ஊரில் ஊசி போடுகிற வயதுக்கு வந்து நின்றன. நோயும் ஊருக்குள்தான் நிற்கிறது. இரண்டு வாரம் தாமதித்தால் அவ்வளவும் மண்ணுக்குப் போகும். அவற்றை நம்பிக் கிணற்று மோட்டாருக்கும், பள்ளிக்கூடத்துக்கும், ஆடிப்பட்டத்து விதைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்த பொம்பளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்தன.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். கோழிகளை இருட்டிலேயே திறந்துவிட்டிருந்தார்கள். வீட்டு வாசல்கள் சாத்தியிருந்தன. தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். புதன்கிழமையும் போனாள். வியாழக்கிழமை ஊர் எல்லையிலேயே இஞ்ஞாசி நின்றிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீ நல்லவதாம்மா. ஆனா எங்க பாவத்தைக் கூட்டாத. போயிட்டு வா."

நிறுத்தத்தில் வண்டிக்காக இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தபோது சோலையம்மாள் வந்தாள். வழக்கம்போல மெதுவாகத்தான் வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அந்தச் சேவலுக்கு ஊசி போட்டிருக்கு."

"எந்தச் சேவலுக்கு?"

"எஞ் சேவலுக்குத்தான். மார்கழியில நீங்க பஸ்ஸுக்கு ஓடுனீகளே, மிச்ச மருந்தைக் குழியில ஊத்திருன்னு சொல்லிட்டு. ஊத்தல. பெட்டியில இருந்த ஊசியை வெந்நீர்ல போட்டு எடுத்து நானே போட்டேன். சாமிக்குக் குடுக்குறது நோய் இல்லாத சேவலா இருக்கட்டும்னு நெனச்சேன். தப்பாக்கா?"

வியாகுலம்மாளுக்குப் பேச்சு மளமளவென்று வந்தது. "ஏண்டி சோலை, இதை இம்புட்டு நாளா வாய்க்குள்ள வச்சிருந்தியா? வா, இப்பவே போயி அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா…" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சோலையம்மாள் நகரவில்லை. "நீங்க சொன்னா, சாமி சேவலைக் கெடுக்கச் சொல்லிக் குடுத்ததே நீங்கன்னு முடிஞ்சு போயிரும். நான்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு எல்லாரும் நிப்பாக. வாங்க, மருந்தும் கொண்டாங்க. ஆனா ஒண்ணு, வாயைத் தொறக்கக் கூடாது."

வியாழனிலிருந்து ஞாயிறு வரைக்கும் எத்தனை மணி நேரம் என்று வியாகுலம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சோலையம்மாள் பயந்து பின்வாங்கிவிட்டால்? சொல்லி, ஊர் அவளையே தள்ளிவைத்துவிட்டால்? இதற்குள் குஞ்சுகளில் நோய் விழுந்துவிட்டால்? வெள்ளிக்கிழமை வேறொரு ஊரில் ஒரே கோழிக்கு இரண்டு தடவை ஊசி போட்டாள். சனிக்கிழமை மில்லிலிருந்து லீவில் வந்த இளவேனில், "யம்மா, செத்த நேரம் உக்காரேன். எனக்குத் தலை சுத்துது" என்றாள். இவள் அவள்மேல் எரிந்துவிழுந்து, சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போனாள். மகளிடம் எரிந்துவிழுந்ததும், பத்து வருஷமாக மகளிடம் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும் சேர்ந்து உறைத்தன. அதற்கும் உட்கார்ந்து அழ முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் நின்றது. வியாகுலம்மாள் சுவரோரமாகப் பிளாஸ்க்கோடு நின்றாள். சோலையம்மாள் பட்டிக்குப் போய்ச் சேவலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் நெற்றியில் அன்றைக்கும் திருநீறு இருந்தது.

"இதுக்கு ஊசி போட்டிருக்கு. போட்டது நான்தான். யாரும் சொல்லிச் செய்யல" என்றாள்.

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். இஞ்ஞாசியின் முகம் கறுத்துவிட்டது. தன் கையால் அரிசி போட்ட மனுஷர் அல்லவா.

"அப்ப நீ பண்ணுன பாவந்தான் மத்த சேவல் அம்புட்டையும் அடிச்சிருக்கு. சாமி கோவம் உன்னாலதானத்தா?"

வியாகுலம்மாளுக்கு நாக்கு நுனியில் நூறு பதில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சோலையம்மாள் ஏதோ கொல்லையில் களை எடுக்கிற மாதிரி அவசரமே இல்லாமல் யோசித்தாள். பேசு, பேசித் தொலை என்று வியாகுலம்மாளின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மாமா, நீங்க சொல்றது மாதிரியே வச்சுக்கிருவோம். ஊசி போட்டதுக்காகச் சாமிக்குக் கோவம்னா, மொதல்ல எந்தச் சேவலைக் கொன்னிருக்கணும்? எஞ் சேவலைத்தான? சொன்னபடி கேட்ட உங்க சேவலை எதுக்குக் கொல்லணும்? சாமி அம்புட்டு அநியாயக்காரரா?"

இஞ்ஞாசி பட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே பட்டி, ஒரே தண்ணி, ஒரே தீனி. ஊசி போட்டதும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு, போடாததும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு. நான் தெனம் வந்து பாத்தேன். சந்தையில வாங்குன சேவல் கொடியேத்தின மறுநாளே றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. பெறவு அது பக்கத்துல படுத்ததுதான் ஒவ்வொண்ணா விழுந்துச்சு. இது பக்கத்துலயும்தான் படுத்துச்சு, விழல. நோய் ஒதுங்கி வரல மாமா. அது எல்லா எடத்துக்கும்தான் வந்துச்சு. வீட்டுக்கும் வந்துச்சு. ஊசி இருந்த எடத்துல தோத்துச்சு."

யாரும் உடனே தலையாட்டிவிடவில்லை. அப்படியெல்லாம் நடக்காது. பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் வீட்டில் நாற்பது குஞ்சு வைத்திருந்த சுந்தரம்மாள், "என் வீட்டுக் குஞ்சுக்குப் போட்டுரு சோலை. வாரது எனக்கு வரட்டும்" என்றாள். இன்னொருத்தியும் வந்தாள். இஞ்ஞாசி அங்கிருந்து போனார். ஆனால் போகும்போது சேவலை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு போனார்.

சுந்தரம்மாள் குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் அடைக்க, அவள் வீட்டு முற்றத்தில் வியாகுலம்மாள் மருந்தைக் கலக்கினாள். பழக்க தோஷம், கை தானாக ஊசியை எடுத்தது. சோலையம்மாள் அதை அவள் விரல்களிலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க கோழியைப் பிடிங்க."

மூன்று வருஷத்தில் வியாகுலம்மாளுக்கு யாரும் அந்த வேலையைக் கொடுத்ததில்லை. குந்தி உட்கார்ந்து இறக்கையைச் சேர்த்துப் பிடித்தாள். சோலையம்மாள் ஊசியை உயர்த்தினாள், காற்றை வெளியேற்றினாள், அளவைப் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். வியாகுலம்மாளின் முழங்கால் ஆடியது.

"ஆடாமப் பிடிங்கக்கா."

நாலைந்து கோழி போன பிறகு, தலையைத் தூக்காமலே சோலையம்மாள் கேட்டாள். "மூணு வருசமாப் போட்டீக. போட்ட மறுவாரம் வந்து ஒருநாளாவது பாத்தீகளா? எந்தக் கோழி எப்பிடி இருக்குன்னு? நான் கேட்டதுக்கு ஒண்ணுக்காவது பதில் சொன்னீகளா? நானாப் பாத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. வியாகுலம்மாளுக்கு முகம் சுட்டது. ஒரு குஞ்சின் இறக்கையைப் பிடித்தபடி, "இல்ல" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குக் கலக்கிய இரண்டு பாட்டில் மருந்து கெடுவதற்குள் நூற்றுப்பத்துக் குஞ்சுக்குத்தான் போட முடிந்தது. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட, மறுநாளும் அதற்கு மறுநாளும் மீதியைப் போட்டார்கள். அதற்குள் பன்னிரண்டு குஞ்சுகளை நோய் கொண்டுபோய்விட்டது. மற்றவை நின்றன.

மாசி பிறந்ததும் திண்டுக்கல் ஆபீஸில் ஸ்டான்லி கூப்பிட்டான். பன்னிரண்டு ஊர் வேலையையும் மேற்பார்வை பார்க்கிறவன், நல்ல பையன்.

"அக்கா, கடைசி அறிக்கை அனுப்பணும். தானாவே ஊசி போடத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்? ஊருக்கு ரெண்டு, இருபத்துநாலுன்னு போட்டுரட்டுமா?"

"ஒண்ணுன்னு போடுங்க தம்பி."

ஸ்டான்லி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். "மூணு வருசம் கழிச்சு ஒண்ணுன்னு எழுதினா நமக்கு மறுபடி யாரும் வேலை தர மாட்டாங்கக்கா. உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். எட்டாயிரம் கோழியைக் காப்பாத்தியிருக்கீங்க."

"காப்பாத்தினேன், இல்லங்கல. நான் வராத வருசம் அம்புட்டும் சாகும். அந்த ஒருத்திகூட நான் சொல்லிக் குடுத்து வந்தவ இல்ல. நான் பஸ்ஸுக்கு ஓடுன நேரத்துல அவளாக் கத்துக்கிட்டது." அவன் முன்னால் அழுவது அவமானமாக இருந்தது, அழுதாள். "அறிக்கை பங்குனிக் கடைசிலதான போகணும்? அதுவரைக்கும் எழுதாம வைங்க."

மறுநாள் காலை அவள் போனது அடுத்த ஊருக்கு. அங்கே பெயருக்குப் பயிற்சி முடித்தவள் செபாஸ்தியம்மாள். பரணில் கிடந்த பெட்டியை இறக்கச் சொல்லி, ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள் வியாகுலம்மாள். செபாஸ்தியம்மாள் அதைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்தாள்.

"நீங்களே போட்டுருங்கக்கா. உங்களுக்குத்தான் கை வேகம். எனக்கு நேரமாகும்."

"ஆகட்டும்" என்றாள் வியாகுலம்மாள். முற்றத்து மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். "கேக்க வேண்டியதை எல்லாம் கேளு. நான் எந்திரிக்க மாட்டேன்."

முதல் கோழியைப் பிடிக்கவே செபாஸ்தியம்மாளுக்குக் கால் மணி நேரம் ஆனது.